நகக்கண்ணில் இருந்த அதிபர்

இந்தக் கதை என்னிடம் நேராக வந்து சேரவில்லை. ஏழாங்கரை என்ற தீவு நாட்டில் மீன் டப்பா ஆலையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவர், பேருந்து பழுதாகி நின்ற ஒரு மத்தியானத்தில் என் அத்தானுக்குச் சொன்னார். அத்தான் எனக்குச் சொன்னார். இரண்டு வாய் மாறியதில் எது உதிர்ந்தது, எது ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியாது. கேட்டதைக் கேட்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஏழாங்கரைக்காரர்கள், நாலைந்து தலைமுறைக்கு முன்னால் தென்கரையிலிருந்து உப்பளத்து வேலைக்குக் கப்பலில் கூட்டிவரப்பட்டவர்களின் பிள்ளைகள். பாத்திரம் பண்டத்தோடு தங்கள் சொற்களையும் மூட்டை கட்டி எடுத்து வந்தவர்கள் அவர்கள். வந்த இடத்தில் புதிதாக எந்தப் பொருள் முளைத்தாலும் மூட்டையிலிருந்தே ஒரு சொல்லை உருவி அதற்குச் சூட்டிவிடுவார்கள். அந்த நாட்டின் தலைநகரமான கொடிமேட்டில், படகுகள் வந்து அணையும் துறையின் வாசலில், வேலம்மை என்பவள் இடியாப்பக் கடை வைத்திருந்தாள். அவள் தம்பி பூவரசன்தான் பிற்பாடு முப்பத்திரண்டு வயதில் அந்த நாட்டுக்கு அதிபரானவன்.

அம்மையும் அப்பனும் ஒரே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பால்பல் விழுந்திருக்கவில்லை. வேலம்மை அவனை இடியாப்பத் தட்டுகளின் ஆவியிலேயே வளர்த்தாள். அந்த ஆவி தொண்டையில் இறங்கி இறங்கித்தான் அவனுக்கு அப்படி ஒரு குரல் வந்தது என்று துறையில் பேசிக்கொண்டார்கள். வாட்டசாட்டமான குரல் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டுச் சொல்வது போன்ற குரல். படித்து முடித்ததும் துறையின் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிக்கும் வேலை கிடைத்தது. எந்தப் படகு எப்போது கிளம்பும், யாருடைய குடை எங்கே கிடக்கிறது, பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு பெயர் கேட்டால் அழுகிற பையன் யாருடையவன் என்று காலையிலிருந்து மாலைவரை வாசித்தான். பிள்ளையைத் தொலைத்த தாய், அவன் வாசிக்கத் தொடங்கியதுமே அழுகையை நிறுத்திவிடுவாள்.

பெரும்புயல் வந்த வருஷம் படகுகள் கூட்டமாகக் காணாமல் போயின. அப்போது அதிபராக இருந்த கிழவர், ஒரு படகும் தொலையவில்லை, யாரும் பெயர் வாசிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். பூவரசன் வாசித்தான். கடலுக்குப் போன ஒவ்வொருவர் பெயரையும், தகப்பன் பெயரையும், கடைசியாகப் போட்டிருந்த சட்டையின் நிறத்தையும் வாசித்தான். ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், வெறும் வாயால் வாசித்தான். தொண்டை கட்டியது, கட்டிய தொண்டையால் வாசித்தான். அடுத்து வந்த தேர்தலில் ஜனங்கள் அவனைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டார்கள்.

அந்தத் தேர்தலிலும் வழக்கம்போல இடதுகை ஆள்காட்டி விரலில், நகமும் சதையும் சேருகிற நகக்கண்ணில், கறுப்பாக ஒரு கோடு வைத்தார்கள். அதற்கு ஏழாங்கரையில் மை என்று பெயர். களவு போன மாட்டையும் ஓடிப்போன பெண்ணையும் வெற்றிலையில் தடவிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்களே, அதற்கும் அங்கே மை என்றுதான் பெயர். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொண்டதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. மை மட்டும் யோசித்திருக்கும் போலிருக்கிறது.

கிழவருக்கு ஓட்டுப் போட்டவர்களின் மை எப்போதும்போல நகம் வளர வளர அழிந்துபோயிற்று. பூவரசனுக்குப் போட்டவர்களின் மை அழியவில்லை. அது ஏன் என்று யாராவது கேட்கும் முன்னால் ஒரு காலையில், இறால் உரிக்கப் போகும் வழியில் கடைக்கு வந்த சகாயமேரி, இடியாப்பத்தைப் பிட்டுக்கொண்டிருந்த விரலை அப்படியே நிறுத்தினாள்.

"ஏக்கா, ஒன் தம்பி என் நகத்துக்குள்ள பல்லு வெளக்குதான்."

வேலம்மை இடியாப்ப அச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்தப் பக்கம் தேய்க்கான்?"

"இடது கடவாப்பல்லு."

"அது சொத்தை. அதைத்தான் போட்டுத் தேய்ச்சிக்கிட்டு நிப்பான். பிரஷ்ஷை மாத்துன்னா கேக்க மாட்டான்."

பிறகுதான் தன் விரலைத் திருப்பிப் பார்த்தாள். அவள் நகத்திலும் அவன் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்களும் பார்த்தார்கள். ஒருவன் மட்டும், அவனுக்குக் கண் கொஞ்சம் மங்கல், பல் விளக்குகிறாரா சவரம் செய்கிறாரா என்று கேட்டான். துறையில் எடை போடும் ஞானதிரவியம் மட்டும் பார்க்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"கையைக் காட்டும் வே," என்றாள் சகாயம்.

"நேத்துத்தான் சுண்ணாம்பு போட்டுக் கழுவினேன்."

"கழுவினா போவுமா இது? கெழவனுக்குப் போட்டீரு. வேலம்மக்கா கடையில ஓசிச் சொதி குடிச்சிக்கிட்டே கெழவனுக்குப் போட்டீரு."

"அந்தாளு எனக்கு மாமன் முறை வேணும் பிள்ள," என்றார் ஞானதிரவியம், காதுவரை சிவந்து.

இப்படித்தான் அந்த நாட்டில் யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது ஒரே காலையில் வெட்டவெளிச்சமானது. சில வீடுகளில் புருஷன் பெண்டாட்டி பேச்சு நின்றுபோனதும், மற்றபடி எல்லோரும் அதை அன்று சாயந்திரத்துக்குள் பழகிக்கொண்டதும் ஒன்றாகவே நடந்தன. மை என்றால் தெரியத்தானே செய்யும் என்றார்கள். மையில் பூவரசன் தெரிந்தான். அவனும் அவன் கை தொட்ட பொருளும் மட்டும் தெரிந்தன. எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் தெரியமாட்டார், குரல் கேட்காது. தட்டு அவன் கைக்கு வந்ததும் தெரியும், கையை விட்டதும் மறையும். காலையில் அடுப்பு மூட்டும் முன்பு பெண்கள் விரலைப் பார்த்து, எழுந்துவிட்டாரா என்று தெரிந்துகொண்டார்கள். தட்டை அவரே கழுவுகிறார் பார் என்று புருஷன்மாரின் மூக்குக்கு நேரே விரலை நீட்டினார்கள். ஓட்டு இல்லாத பிள்ளைகள் தாய்மாரின் கையைப் பிடித்து இழுத்தபடியே பள்ளிக்குப் போயின. கிழவருக்குப் போட்டவர்கள் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு அடுத்த வீட்டுக்காரர் விரலை இரவல் கேட்டுப் பார்த்தார்கள். அவன் குளிக்கப் போகும் நேரத்தில் நாடு முழுவதும் கையைப் பொத்திக்கொள்வது என்று ஒரு வழக்கம் தானாக வந்தது. அந்த நேரத்தில் ஆலையில் கத்திகள் நிற்கும், படகுக்காரர்கள் துடுப்பை இடுக்கிக்கொள்வார்கள், பூசை செய்கிறவரும் முஷ்டியை மூடிக்கொண்டே மணியை ஆட்டுவார். மூடாத ஒன்றிரண்டு பேரைப் பற்றி ஊர் பல மாதம் பேசிற்று.

பூவரசனுக்கு இது தெரியவந்தபோது அவன் சிரித்தான் என்று சொல்கிறார்கள். தூங்கப்போகும் முன் விட்டத்தைப் பார்த்துக் கையாட்டுவான், வீடுகளில் பிள்ளைகள் அதற்குப் பதில் கையாட்டிவிட்டுப் படுக்கும். இவ்வளவு பேர் பார்க்க ஒரு மனிதனால் சோம்பியிருக்க முடியாது, ரகசியமாக எதையும் வாங்க முடியாது, கோபத்தில் ஒரு தம்ளரைக்கூட எறிய முடியாது. உப்பளங்களை அதில் வேலை செய்தவர்களுக்கே பிரித்துக் கொடுத்தான். தீவுக்குத் தீவு மருத்துவமனைப் படகு விட்டான். அவ்வளவு நல்ல ஆட்சியை ஏழாங்கரை அதற்கு முன் கண்டதில்லை.

பிறகு ஒரு நாள், காவலர்களை வெளியே நிறுத்திவிட்டு, அவன் கடைக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

"இந்தப் பக்கம் திரும்பி உக்காருலே. சுவரா ஒனக்குப் பரிமாறப் போவுது?"

"பின்னங்கழுத்துல எப்பவும் ஒரு ஈ உக்காந்திருக்க மாதிரி இருக்குக்கா."

"ஈன்னா அடி."

"அடிச்சா, ஏன் கழுத்துல அடிச்சிக்கிட்டாருன்னு ஊரே கேக்கும்." இடியாப்பத்தைத் தொடாமல் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். "போன வாரம் அழுதேன். ஒண்ணும் இல்ல, சும்மாதான். காலையில வாசல்ல பெருங்கூட்டம். ஆளுக்கு ஒரு கைக்குட்டை வச்சிக்கிட்டு நிக்காங்க. ஒருத்தி எனக்குன்னே பூத்தையல் போட்டுக் கொண்டாந்திருக்கா. நான் எதுக்கு அழுதேன்னு எனக்கே தெரியலை, அவங்களுக்கு என்னன்னு சொல்ல?"

வேலம்மையும் அன்று அவன் அழுததைப் பார்த்திருந்தாள். பார்த்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நிற்க வேண்டாம் என்று கடையிலேயே இருந்துவிட்டாள். "சாப்பிடு," என்றாள். அவன் சாப்பிட்டான். பக்கத்துப் பெஞ்சில் நான்கு பேர் அவன் முதுகைப் பார்க்காமல், மரியாதைக்குத் தங்கள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பின் அதிபர் மாளிகைக்குக் கனத்த திரைகள் வந்தன. திரைகள் போதாமல் சன்னல்களுக்கு மேல் பலகை அடித்தார்கள். பலகை போதாமல் செங்கல் வைத்துப் பூசினார்கள். விளக்குகளைக் கழற்றிக் கொண்டுபோய்த் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் அடுக்கினார்கள். ஒரு நாள் நாட்டில் மை இருந்த எல்லோருடைய நகமும் கறுத்துப்போயிற்று. மை எது, இருட்டு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஜனங்கள் அதையும் பழகிக்கொண்டார்கள். பெரிய யோசனையில் இருக்கிறார் என்றார்கள். குளிக்கும் நேரம் என்று பழக்கத்தில் தோன்றும்போது, ஒன்றும் தெரியாத விரலையும் பொத்திக்கொண்டார்கள். அந்த இருட்டிலிருந்து வானொலி வழியாக அவன் குரல் வந்தது. அதே துறைக் குரல், தோளைத் தொட்டுச் சொல்வது போன்ற குரல். உப்பளங்களை அரசே திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று அது சொன்னது. ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று சொன்னது. கேட்கிறவர்கள், குரல் அவ்வளவு இதமாக இருந்ததால், என்ன சொன்னது என்பதை மறுநாள்தான் புரிந்துகொண்டார்கள்.

சகாயத்தின் புருஷன் மாசிலாமணி உப்பளத் தொழிலாளிகளுக்கு மேஸ்திரி. அளத்தைப் பிடுங்க வந்த அதிகாரியிடம் அவர் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "அவர வெளிச்சத்துல வந்து சொல்லச் சொல்லு." அந்த வாக்கியம் பாத்தி பாத்தியாகத் தாண்டி அளம் முழுவதும் போயிற்று. அந்த வாரமே ஒரு மத்தியானம், வெயிலில் உப்பு கண்ணைக் கூசும் நேரத்தில், ஜீப்புகள் வந்து அவரையும் இன்னும் பலரையும் ஏற்றிக்கொண்டு போயின. எங்கே என்று கேட்ட இடத்திலெல்லாம், அப்படி ஒருவரை ஏற்றவே இல்லை என்றார்கள்.

சகாயம் வேலைக்குப் போவதை விட்டாள். கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கறுத்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் இருட்டுல இருக்கான் பிள்ள. என்னத்தப் பாக்க?" என்றாள் வேலம்மை.

"அவன யாருக்கா பாக்கா? எங்க வீட்டுக்காரரு தெரியுதாருன்னு பாக்கேன். மைதான இது?"

அது வேலம்மைக்கு அதுவரை தோன்றாத விஷயம். இருவருமாக மைக்காரர் பிச்சாண்டியைப் பார்க்கப் போனார்கள். எல்லோர் விரலிலும் மை வந்த பிறகு பிச்சாண்டியின் வெற்றிலை மை வியாபாரம் படுத்துவிட்டது. அவர் இப்போது வாசலில் சோடா விற்றார். சகாயம் கேட்டதைக் கேட்டுவிட்டு ஒரு சோடாவை உடைத்து அவள் கையில் கொடுத்தார்.

"உண்மையச் சொல்லிருதேன் சகாயம். வெத்தலையில நான் வெத்தலையத் தவிர ஒண்ணையும் பாத்ததில்ல."

"அப்ப எங்க மாமியா கம்மல் கெணத்தடியில கெடக்குன்னு எப்படிச் சொன்னீரு அண்ணாச்சி?"

"துணி தொவைக்கிறவ கம்மல் வேற எங்க விழும்?" அவருக்கே வெட்கமாக இருந்தது. "ஆனா எங்கப்பாவுக்கு நெசமாவே தெரியும். அவரு சொல்லுவாரு, மைக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும், தொலைஞ்சதக் காட்டும். தொழுவத்துல நிக்கிற மாட்ட மையில தேட முடியாது. தேடினது கைக்கு வந்துட்டா மையும் அழிஞ்சிரும். அவ்வளவுதான் அதோட சட்டம்."

வேலம்மை அவரைப் பார்த்தாள். "அப்ப எந்தம்பி?"

"அன்னைக்குப் பல்லு வெளக்கினானே, அன்னைக்கே எனக்கு ரோசனைதான். சொன்னா, யாவாரம் போன வயித்தெரிச்சல்ல சொல்லுதேன்னு சொல்லுவீங்க."

சகாயத்துக்கு அது முக்கியமாக இல்லை. "எங்க வீட்டுக்காரரும் தொலைஞ்சுதான போயிருக்காரு? அவர ஏன் காட்ட மாட்டேங்கு?"

பிச்சாண்டி அடுத்த சோடாவை எடுத்துக் குலுக்கி, உடைக்காமலே கீழே வைத்தார். "எல்லாரும் தொலைஞ்சு போறதில்ல பிள்ள," என்றார்.

திரும்பி வரும் வழியில் சகாயம் சொன்னாள்: "அக்கா, நீ கேட்டா அவன் சொல்லுவான். இருக்காரா இல்லையா, அது ஒண்ணு போதும். கலர் சேல கட்டவா, வெள்ள கட்டவான்னு தெரியாம தெனம் பெட்டியத் தொறந்து வச்சிக்கிட்டு நிக்கேன்."

மறுநாள் உச்சிவேளையில் வேலம்மை தூக்குச்சட்டியில் இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் எடுத்துக்கொண்டு மாளிகைக்குப் போனாள். அதிபரின் அக்காளை நிறுத்த யாருக்கும் தைரியம் வரவில்லை. கதவைத் திறந்த காவலாளியின் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. உள்ளே போனதும் வெளியில் இருந்த வெயில் ஒரு பேச்சைப் போல நின்றுபோயிற்று. சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். காற்றே இல்லை. எங்கோ ஒரு நாற்காலி முனகியது.

"யாரு?"

"இடியாப்பம்."

இருட்டு சிரித்தது. அவள் குரல் வந்த பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்து தட்டில் எடுத்து வைத்தாள். அவன் கையைப் பிடித்துத் தட்டில் விட வேண்டியிருந்தது. கை ஈரமாகவும் மெலிந்தும் இருந்தது. அவன் சாப்பிடுகிற சத்தம் கேட்டது. பசியில் சின்ன வயதில் சாப்பிட்ட அதே சத்தம். அது முடியட்டும் என்று இருந்தவள், முடிவதற்குள் கேட்டுவிட்டாள்.

"மாசிலாமணி எங்கலே?"

மெல்லுவது நின்றது. "எனக்குத் தெரியாது."

"எங்கிட்டப் பொய் சொல்லாத."

"நெசமாத் தெரியாதுக்கா. எங்க வைக்கீங்க, என்ன செய்யீங்கன்னு எங்கிட்டச் சொல்லாதீங்கன்னு சொல்லியிருக்கேன். தெரிஞ்சா மூஞ்சியில தெரியும். மூஞ்சியில தெரிஞ்சா நாடு பூராத் தெரியும்."

"காணாமப் போனவனுக்கெல்லாம் பேரு வாசிச்ச வாயிதானல இது?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். அது எங்கோ இடித்து, சொதி கவிழ்ந்த வாசனை வந்தது. "ஒன் நகத்துல இப்ப என்னக்கா தெரியுது?"

"இருட்டுல என்ன தெரியும்?"

"எல்லாரும் என்னப் பாத்திருக்காங்க. எனக்குத்தான் தெரிஞ்சதே இல்ல." ஏழாங்கரையில் தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்வது அசிங்கம். வேட்பாளர்கள் மரியாதைக்காக எதிராளிக்குப் போடுவார்கள். பூவரசன் கிழவருக்குப் போட்டிருந்தான். அவன் மை எல்லாருக்கும் முன்னால் அழிந்துபோயிற்று. "நான் எப்படிக்கா இருந்தேன்?"

"நல்லாத்தான் இருந்த. பல்லு வெளக்கின. தட்டக் கழுவின. பிள்ளைகளுக்குக் கையாட்டின." அவள் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே பிச்சாண்டி சொன்னதைச் சொன்னாள்.

நாற்காலி மறுபடி முனகியது.

"அப்ப மொதல்ல இருந்தே நான் தொலைஞ்சவனா?"

"மொதல்ல இருந்தேதான்."

"கண்டுபிடிச்சிட்டா அழிஞ்சிருமா?"

"ஒருத்தன் நகத்துலயும் இருக்க மாட்ட."

"அப்பக் கூட்டிட்டுப் போ. கடைக்கே போயிருவோம். நான் மாவு பெசையுதேன்." இருட்டில் அவன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டான். பால்பல் வயதில் பிடித்தது போலப் பிடித்தான். அதற்காகத்தான் அவள் இத்தனை வருஷமும் காத்திருந்தாள் என்பது, பிடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். யாரும் தடுக்க மாட்டார்கள்.

"மொதல்ல மாசிலாமணி," என்றாள்.

அவன் காவல் அதிகாரியைக் கூப்பிட்டு, இதுவரை கேட்காததைக் கேட்டான். தென்முனையில் ஒரு பழைய உப்புக் கிட்டங்கி என்று பதில் வந்தது. ஜீப்பில் ஏறினார்கள்.

அந்த மத்தியானம் ஏழாங்கரை முழுவதும் நகங்கள் வெளுத்தன. இறால் ஆலையில் ஒருத்தி கத்தியைப் போட்டாள், எல்லாரும் போட்டார்கள். தாடியும் ஒட்டிய கன்னமுமாக, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதிலோ குலுங்கிக் குலுங்கிப் போகும் ஒரு மனிதனை நாடு பார்த்தது. சிலருக்கு அவன்தான் என்று தெரியவே நேரம் ஆயிற்று. கடையில் சகாயம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானதிரவியம் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கிட்டங்கியின் கதவைப் பூவரசனே திறந்தான். வேலம்மை அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். உள்ளே உப்பு கூரைவரை குவிந்திருந்தது. உப்பு எதையும் கெட விடுவதில்லை. மாசிலாமணி உறங்குகிறவர் போலவே இருந்தார், இமைமயிரில் மட்டும் உப்பு பூத்திருந்தது. அவர் பக்கத்தில் இன்னொருவர். அவர் பக்கத்தில் இன்னொருவர். அதற்கு மேல் அவள் பார்த்ததை யாரிடமும் சொன்னதில்லை, அதனால் கதையிலும் இல்லை.

பூவரசன் பின்வாங்கி வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். நெடுநேரம் கழித்து, தலை நிமிராமலே, "போவோம்க்கா," என்று கையை நீட்டினான்.

வேலம்மை அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள். மை அவனைத் தவிர யாரையும் காட்டாது. அவள் நகத்துக்குள் அவன், யாரும் இல்லாத பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விட்டால் மை அழிந்துவிடும். அவன் அவளுடைய தம்பியாகிவிடுவான், வேறொன்றுமாக இருக்க மாட்டான். ஒருத்தர் விரலிலும் ஒன்றும் மிஞ்சாது.

"நீ இருலே," என்றாள். "எல்லாரும் பாக்கட்டும்."

"அக்கா."

"போறேன்."

அந்தக் கடற்கரையில் விடைபெறுகிற யாரும் அப்படிச் சொல்வதில்லை. சண்டை போட்டுப் பிரிகிறவர்களும் வாரேன் என்றுதான் சொல்லிப் போவார்கள். அவள் அதைச் சொல்லிவிட்டு, ஜீப்பிலும் ஏறாமல், அளத்து வரப்பு வழியே நடந்து வந்தாள்.

கடைக்கு வந்து சேர்ந்தபோது சகாயம் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்திருந்தாள். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். வேலம்மை வாயைத் திறந்தாள்.

"நீ சொல்ல வேண்டாம்க்கா," என்றாள் சகாயம். "கதவத் தொறந்தப்ப அவன் மூஞ்சியப் பாத்துட்டேன்."

அதன் பிறகு காவல் அதிகாரி அதிபரானார். பூவரசன் படகு கவிழ்ந்து இறந்துவிட்டதாக வானொலி சொன்னது, அதை வேறு யாரோ வாசித்தார்கள். உப்பிலிருந்து எடுத்தவர்களை அவரவர் வீட்டார் தூக்கிப்போய் அடக்கம் செய்தார்கள். அப்போது வாசற்படியில் யாரும் இல்லை. வேலம்மையும் போய்ப் பார்த்தாள், வெறும் படிதான் இருந்தது. ஆனால் நகங்களில் அவன் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தான். வெயிலில் இருந்தான், மழையில் இருந்தான், முடி வளர்ந்தது, கை நீட்டியபடியே இருந்தது. ஜனங்கள் இதைப் பழகிக்கொள்ளக் கொஞ்சம் சிரமப்பட்டார்கள். முதலில் துணி சுற்றினார்கள், பிறகு விரலுக்கு உறை தைத்தார்கள், பிறகு சேலைக்கும் சட்டைக்கும் பொருத்தமான நிறத்தில் உறைகள் வந்தன. இப்போது கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் உறை கொடுப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டதாம். சுத்தமான விரலை வைத்திருந்த ஞானதிரவியத்துக்கு எங்கு போனாலும் மரியாதை. நாங்களும் அன்றைக்கு உங்கள் பக்கம்தான் என்று எல்லோரும் அவரிடம் வந்து சொன்னார்கள். வேலம்மை மட்டும் உறை போடாமல் மாவு பிசைந்தாள். சாப்பிட வருகிறவர்கள் அவள் கையைப் பார்க்காமல் தட்டை வாங்கிக்கொள்ளப் பழகினார்கள். சகாயம் தினமும் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இவ்வளவுதான் அத்தான் சொன்னது. அதற்குப் பிறகு ஏழாங்கரையிலிருந்து வந்தவர்கள் சிலரை, துறைமுகத்திலும் ஒரு மருத்துவமனை வரிசையிலும், நானே சந்தித்திருக்கிறேன். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். ஒருவர் விடாமல் எல்லோரும், தாங்கள் அந்தத் தேர்தலில் கிழவருக்குத்தான் ஓட்டுப் போட்டதாகச் சொன்னார்கள். பல்கலைக்கழக நூலகத்தில் பிறநாட்டுத் தேர்தல் முடிவுகளைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தேன். அந்தத் தேர்தலில் கிழவருக்கு விழுந்தது, பத்து ஓட்டில் ஒன்றுகூட இல்லை.